யாரும் உட்காராத சோபா

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்தது முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. காற்றுப் போன பந்துகளும் கிழிந்த வலையும் இன்னும் ஒரு மூலையில் கிடக்கும். மறுமூலையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலேஜ் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. பிள்ளைகள் என்னை மிஸ் என்பார்கள், பெற்றவர்கள் டீச்சர் என்பார்கள். நான் யாருக்கும் ஒரு பாடமும் நடத்தியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

இல்லாமையை நிரூபிப்பது சுலபம் என்றுதான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் நானும் நினைத்திருந்தேன். இருப்பதைக் காட்டலாம், இல்லாததை எதைக் கொண்டு காட்டுவது? யார் சம்பாதிக்கிறார்கள், எங்கே, அதற்கு என்ன சான்று என்று விண்ணப்பம் கேட்டுக்கொண்டே போகும். எங்கள் பகுதியில் பாதிப்பேர் சான்று தராத வேலைக்காரர்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, சுமை தூக்குவது. என் அறை வாசலில் வந்து நிற்கும்போதே அவர்கள் முகத்தில் பயம் அப்பியிருக்கும். ஒரு அப்பா, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோடு தாண்டி மேசையிலும் கொஞ்சம் போட்டார்.

அந்த வருஷம் என்னிடம் வந்தவர்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பேர். கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்தது. எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பாள். நூலகத்திலிருந்து அவளை எழுப்பி அனுப்பாத நாள் குறைவு. பரீட்சை எழுதும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருக்கும் என்றார்கள். என் அறைக்கு வந்த முதல் நாளே விண்ணப்பத்தைக் கையில் வாங்கி, "விண்ணப்பதாரரின் தந்தை அல்லது பாதுகாவலர்" என்று செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவா படியேன்."

"பழகிப்போச்சு மிஸ். மெதுவா படிச்சா மண்டையில ஏற மாட்டேங்குது."

ஒல்லியான பெண். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. பேசும்போது அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். படிப்பில் கெட்டி. மருந்தாளுநர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் காலேஜ். வராவிட்டால் அம்மா வேலை பார்க்கிற ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை, அதற்கும் ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி எதுவும் அந்த வீட்டில் இல்லை.

பக்கம் பக்கமாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள், 'தந்தை வேலை செய்யும் இடம்' என்ற வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வரியை மட்டும் மனசுக்குள் படித்தாள்.

"அப்பா என்ன பண்றாரு?"

"சோபா தைக்கிறாரு மிஸ். கிழிஞ்சது, ஸ்பிரிங் போனது எல்லாம் சரி பண்ணுவாரு."

"எங்க?"

"கடையில. கூலிக்கு."

"எந்தக் கடை?"

"பல கடை மிஸ். கூப்பிடற எடத்துக்குப் போவாரு."

எனக்குத் தலைக்கு மேல் வேலை. வாசலில் இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். 'கடைகளில் கூலி வேலை' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம் அவள் மறுபடி வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. போனை என் முன்னால் நீட்டினாள். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து செய்தி: வீட்டு நிலைமையை நேரில் பார்க்க வியாழக்கிழமை ஆள் வருவார், பெற்றோர் இருவரும் வீட்டில் இருக்க வேண்டும்.

"நல்லதுதானே? எல்லாருக்கும் வர மாட்டாங்க. உன் விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்."

"மிஸ், வீட்டுக்கு வராம வேற எங்கயாவது பாத்துக்க முடியாதா? இங்க ஸ்கூல்ல வச்சு?"

"வீட்டுல என்ன இருக்கு?"

பசையைப் பிய்த்தாள். "சோபா இருக்கு மிஸ்."

"சோபா எல்லார் வீட்டுலயுந்தான் இருக்கு."

"நீங்க வந்து பாருங்க மிஸ்."

அன்று சாயங்காலமே அவளோடு போனேன். பழைய நாலு மாடிக் கட்டடம். சுவரெல்லாம் மழை ஊறிப் பூசணம் பூத்திருந்தது. கீழ்த்தளத்தில், படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் மேனேஜரின் அறை. கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும் என்று அவள் காதோடு சொன்னாள். அந்தப் பாதிக்குள்ளிருந்து ஒரு தடித்த மனிதர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"எங்க ஸ்கூல் மிஸ், சார்."

"ஓகோ. நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. கட்டடமே இவ பாடத்தைக் கேட்டுட்டுதான் தூங்குது. எங்க பசங்களை, அவளைப் பாருங்கடான்னு திட்டாத நாளில்ல."

அவர் தலைக்கு மேல் ஒரு பலகை. வீட்டில் என்னென்ன செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. ரேடியோ அதன் பக்கம் திரும்பாமலே படியேறினாள். மூன்றாவது வரியில் 'குடியிருப்பில் எந்தத் தொழிலும் செய்யக் கூடாது, மீறினால் உடனே காலி செய்ய வேண்டும்' என்று இருந்ததை நான் படித்துக்கொண்டேன்.

மேலே போகப் போக, வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. குழாயை யாரோ முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. உள்ளே ஏதேதோ நகர்கிற ஓசை. அப்புறம்தான் கதவு திறந்தது.

ஒரே அறை. ஓரத்தில் அடுப்பு, அதன்மேல் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மிச்ச இடத்தையெல்லாம் ஒரு சோபா அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கரும்பச்சை வெல்வெட், உருட்டிவிட்ட கைப்பிடிகள், கடைந்தெடுத்த கால்கள். அதன் அடியில் இவர்களுடைய பாயும் துணி மூட்டையும் பாத்திரமும் செருகிக் கிடந்தன. அந்த அறையை விட்டுவிட்டு அந்தச் சோபாவை மட்டும் பார்த்தால், பெரிய வீடு ஒன்றில் இருக்கிறோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்று மாடி ஏறிய களைப்பு எனக்கு. கால் தானாகச் சோபா பக்கம் போனது. "ஐயோ!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இந்தாங்க, இதுல உக்காருங்க." போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டாள். சலவைக்கூடத்தில் மடிக்கிற கை. ஓரம் ஓரத்தோடு பொருந்தியிருந்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சின்ன உருவம். வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டிருந்தார். ஒரு தகர டப்பாவை எடுத்து அதில் ஒவ்வொன்றாகத் துப்பினார். எல்லாம் சின்ன ஆணிகள். எல்லாவற்றையும் துப்பி முடித்த பிறகுதான், "வாங்க டீச்சர்" என்றார்.

"அண்ணே, இது யாரோடது?"

"வக்கீலம்மா ஒருத்தங்களோடது. பின்பக்கம் மட்டும் இன்னும் ஆணி அடிக்கணும். முன்னாடி முடிஞ்சிருச்சு. வெல்வெட்டு பாருங்க, ஒரு விரல் பட்டாலும் தடம் விழும். ஒரே பக்கமா பிரஷ் போட்டு வச்சிருக்கேன். குடுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"தொடறதே இல்லையா?"

"வந்த பொருள்ல நாங்க உக்கார மாட்டோம் டீச்சர். இவ பொறந்ததுலேருந்து எவ்வளவோ சோபா வந்துட்டுப் போயிருக்கு. ஒண்ணுலயும் உக்காந்ததில்ல. அடுத்தவங்க பொருள்ல நம்ம தடம் விழுந்துட்டா, அப்புறம் அவங்க நம்பிக் குடுக்க மாட்டாங்க."

"சின்னப் புள்ளையிலகூடவா?" என்று ரேடியோவைக் கேட்டேன்.

"ஒரு தடவை தூக்கத்துல ஏறிப் படுத்துட்டேன் மிஸ். அப்பா திட்டல. மறுநாள் பூரா அதைப் பிரிச்சு மறுபடி தச்சாரு. அதுக்கப்புறம் ஏறல."

சுத்தியல் தலையில் ரப்பர் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அப்படியும் கொஞ்சம் கேக்கும் டீச்சர். அதுக்குத்தான் நான் வீட்ல இருந்தா குழாயைத் தொறந்துவிடுவேன். அவ இருந்தா படிப்பா."

"படிப்பான்னா?"

"சத்தமா படிப்பா. இவரு அந்த நேரத்துல அடிப்பாரு. வரி முடியற எடத்துல இவரு நிறுத்திக்குவாரு, மறுபடி அவ ஆரம்பிச்சா இவரும் ஆரம்பிப்பாரு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்சம் மெதுவாகப் படியேன் என்று அவளிடம் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சரி, வியாழக்கிழமைக்கு முன்னாடி இதைக் குடுத்துட முடியாதா?"

"வக்கீலம்மா வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போயிருக்காங்க. வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார் அப்பா. "வேற எங்க கொண்டு போய் வைக்கறது? வெளியில மழை. இறக்கினா மேனேஜர் பாப்பாரு. கொண்டு வரும்போது, சொந்தக்காரங்க வீடு மாத்தறாங்க, கொஞ்ச நாள் இங்க இருக்கும்னு சொல்லி வச்சோம். ஒவ்வொரு தடவையும் ஒரு சொந்தக்காரங்க. பொய் சொல்றதுக்கு உறவு முறையே பத்தல டீச்சர்."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. சொந்தமா தொழில் பண்றேன், வீட்டுல வச்சுத் தைக்கிறேன், இது அடுத்தவங்க பொருள்னு. விண்ணப்பத்துலயும் நான் மாத்தித் தரேன். உதவித்தொகைக்கு அதுல ஒரு தப்பும் கிடையாது."

"அந்தாளு மேனேஜர்கிட்ட விசாரிக்க மாட்டாருன்னு நீங்க சொல்ல முடியுமா?"

பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். "முடியாது" என்றேன்.

"அப்ப வீடு போயிரும்" என்றாள் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "போன வீட்டுலயும் இதேதான். எவனோ போய்ச் சொல்லிட்டான். சாமானெல்லாம் தெருவுல. அன்னிக்கும் மழை. எங்க சாமான் நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போகுது, அடுத்தவங்க நாற்காலி ரெண்டு இருந்துச்சு. இவ குடையை நாற்காலிக்குப் புடிச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நின்னா. சின்னப் புள்ள டீச்சர். பல்லு கிடுகிடுன்னு ஆடுது, குடையை மட்டும் நகத்தல. அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"அதுக்காக அவ படிப்பு போனாப் பரவால்லையா?" கோபம் வந்துவிட்டது எனக்கு. "இந்தச் சோபாவைப் பாத்துட்டு, இவங்களுக்கு எதுக்கு உதவின்னு எழுதிட்டுப் போயிருவாங்க. இல்ல, தொழிலை மறைச்சுட்டாங்கன்னு எழுதுவாங்க. ரெண்டுல ஒண்ணு."

"தனியா கடை புடிக்க வக்கிருந்தா, பாடத்துக்கு நடுவுல நான் ஏன் டீச்சர் ஆணி அடிக்கிறேன்?" என்றார் அப்பா. குரலை உயர்த்தக்கூட அவருக்குப் பழக்கமில்லை. "குடியிருக்க எடம் இல்லாம அவ எங்கேருந்து காலேஜுக்குப் போவா? நீங்க சொல்லுங்க."

ரேடியோ அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மாதான் சொன்னாள், கயிறு கட்டிப் போர்வையைத் திரையாகப் போட்டு மறைத்துவிடலாம், பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, துணி மாற்றுகிற இடம் என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. வியாழக்கிழமை நானும் கூட இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. நான் போனபோது அம்மா இரண்டு போர்வைகளைச் சேர்த்துத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். கயிற்றின் ஒரு நுனி சுவரில் இருந்த கொக்கியில், மறு நுனி ஜன்னல் தாழ்ப்பாளில். திரைக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கத்தான் இடம் இருந்தது. ரேடியோ சுவரோடு ஒட்டி நின்று ஒரு புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொன்னதும் அவிழ்த்தார். மறுபடியும் மாற்றியே போட்டார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சத்தம். அதோடு சாவிக்கொத்து குலுங்கியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவரு ஏன் வராரு?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

கதவைத் திறந்தால் அலுவலக ஆள், அவருக்குப் பின்னால் மேனேஜர். அலுவலக ஆளுக்கு முப்பது வயசு இருக்கும். முழங்கால் வரை நனைந்திருந்தார். நனையாமல் இருக்கப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். "வழி தெரியாம நின்னாரு, நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் மேனேஜர். கூட்டிக்கொண்டு வந்தவர் போகவில்லை. உள்ளே வந்து கதவோரம் நின்றுகொண்டார். மழைக்கோட்டைக் கழற்றினார். சொட்டுகிற கோட்டை எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார். அம்மா கை நீட்டுவதற்குள் கயிற்றில் போட்டுவிட்டார்.

ஜன்னல் தாழ்ப்பாள் பக்கம் முடிச்சு நழுவியது. கோட்டும் போர்வையும் ஒன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன.

ஜன்னல் வெளிச்சத்தில் சோபா பளபளவென்று நின்றது.

"அடேயப்பா" என்றார் அலுவலக ஆள். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அசந்துபோய்ச் சொன்னார். பையிலிருந்து தாளை எடுத்தார். "வீட்டுச் சாமான் என்னென்ன இருக்குன்னு நான் எழுதணும். இந்தச் சோபா யாரோடதுங்க?"

கேட்டது அவர். அப்பா பார்த்தது மேனேஜரை.

"எங்களுதுதான் சார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்களுதா? விண்ணப்பத்துல கூலி வேலைன்னு இருக்கே?"

"ஆமா சார். இது... சொந்தக்காரங்க குடுத்தது."

"இந்த வீட்டுக்குச் சொந்தக்காரங்க ஜாஸ்தி சார்" என்றார் மேனேஜர். "மாசத்துக்கு ஒருத்தர் சோபா கொண்டாந்து குடுப்பாங்க." அவர் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அலுவலக ஆள் ஏதோ எழுதினார். பிறகு நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று.

"ஏன் எல்லாரும் பயந்துகிட்டு நிக்கிறீங்க? நான் என்ன போலீஸா? என் துணி ஈரம், நான் நின்னுக்கறேன். நீங்க உங்க சோபாவுல உக்காருங்க, நிதானமாப் பேசலாம்."

யாரும் உட்காரவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார், நின்றுவிட்டார். உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. உட்கார்ந்தால்தான் சொன்ன பொய் நிற்கும். ஆனால் உடம்பு வளைந்து கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க உட்காராத உடம்பு.

"உக்காருங்களேன்" என்றார் மேனேஜர். "உங்க சோபாவுல உக்கார உங்களுக்கு என்ன தயக்கம்?"

அப்போது ரேடியோ நடந்து போய்ச் சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள்.

மெதுவாகக்கூட உட்காரவில்லை. தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். அம்மாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ரேடியோ முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தச் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள்: "எங்களுதுதான் சார். நான் தினமும் இதுல உக்காந்துதான் படிப்பேன். மேனேஜர் சாருக்குத் தெரியும்."

எனக்கு விளங்கிவிட்டது. காலேஜை விட்டுவிட்டாள். இந்த வீடு இருக்கட்டும், இனி யாரும் மழையில் நிற்க வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள். அலுவலக ஆள் அதையும் எழுதினார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த வீட்டை நான் காலி பண்ணியது போலாகியிருக்கும்.

அப்பா அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசை காய்ந்த விரல்கள் வெல்வெட்டில் அழுந்தியிருந்தன.

"எந்திரிம்மா" என்றார்.

"பரவால்லப்பா."

"எந்திரி. அது நம்மளுது இல்ல."

"என்னங்க..." என்றாள் அம்மா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"நம்மளுது இல்ல சார்." அப்பா அலுவலக ஆள் பக்கம் திரும்பினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் வீட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஒரு வக்கீலம்மாவோடது. நான்தான் தைக்கிறேன். கடையிலல்லாம் இல்ல, இங்கதான், இந்த ரூம்லதான். வருஷக்கணக்கா தைக்கிறேன். எந்தச் சொந்தக்காரனும் எனக்கு எதுவும் குடுத்ததில்ல. இந்தப் பொண்ணு சத்தமா படிக்கிறான்னு எல்லாரும் சொல்றீங்களே மேனேஜர் சார், அது எனக்காக. என் ஆணிச் சத்தம் கீழ உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு தொண்டை வறளக் கத்துவா. காச்சல் வந்த அன்னிக்கும் கத்தினா. இன்னிக்கு எனக்காகப் படிப்பையே விட வந்துட்டா. போதும் சார். என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

ரேடியோ எழுந்தாள். வெல்வெட்டில் அவள் உட்கார்ந்த தடம் அப்படியே இருந்தது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உள்ளங்கையும் தெரிந்தன.

"அதுக்காகவா படிச்சா?" என்றார் மேனேஜர். அவருக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. "என் பசங்களை எவ்வளவு அடிச்சிருக்கேன், அவளை மாதிரி படிங்கடான்னு."

அலுவலக ஆள் எழுதியதை அடித்தார். கொஞ்சம் யோசித்தார். "தொழில் பண்றது தப்பில்லைங்க. விண்ணப்பத்துல வேற மாதிரி சொன்னதுதான் தப்பு. அப்படியே விட்டா தள்ளிடுவாங்க. இப்பவே திருத்தி, அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா என் பக்கத்துலேருந்து தடையில்ல. நல்லபடியாத்தான் எழுதுவேன். ஆனா வேலை செய்யற எடம் என்னன்னு அதுல இருக்கணும்."

திருத்தப் படிவம் என் பையிலேயே இருந்தது. எடுத்து, சோபாவின் மரக்காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து நிரப்பினேன். தொழில் என்று கேட்டேன், சொன்னார். வேலை செய்யும் இடம் என்று கேட்டேன். மேனேஜர் ஒரு கை தூரத்தில் நின்றார்.

"வீடு" என்றார் அப்பா.

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். கண்ணைத் திறந்துகொண்டுதான் போட்டார்.

அலுவலக ஆள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நல்லாப் படிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேனேஜர் போகவில்லை. குனிந்து கோட்டை எடுத்தார், உதறப் போனவர் வெல்வெட்டைப் பார்த்துவிட்டு உதறாமல் கையில் சுருட்டிக்கொண்டார்.

"நான் மறைக்க முடியாது" என்றார் தரையைப் பார்த்து. "காகிதத்துல ஏறிடுச்சு. நாளைக்குக் கட்டட முதலாளிக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாரு. எனக்கும் புள்ளைங்க இருக்கு. மாசக் கடைசியில அவர் வரும்போது சொல்லித்தான் ஆகணும். வெளியே போகச் சொன்னாலும் சொல்லுவாரு."

"தெரியும் சார்" என்றார் அப்பா.

வாசல் வரை போனவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு. நிஜமாவே எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல."

கதவு சாத்தியதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாசக் கடைசி" என்றாள். "மழை விடாதேங்க மாசக் கடைசிக்கும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அப்பா பிரஷை எடுத்து மகளிடம் கொடுத்தார். "மேலேருந்து கீழ, ஒரே பக்கமா." அவள் மண்டியிட்டுத் தன் தடத்தைத் தானே துடைத்தாள். முதலில் இரண்டு கைகள் போயின. பிறகு மற்றதும் போயிற்று. வெல்வெட் மறுபடியும் யாரும் தொடாத மாதிரி ஆகிவிட்டது.

அவர் ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டு சோபாவின் பின்பக்கம் போனார். கொஞ்சம் ஆணியை வாயில் போட்டுக்கொண்டார். சுத்தியலைக் கையில் எடுத்ததும் அம்மா பழக்கத்தில் எழுந்து குழாய்ப் பக்கம் போனாள். குழாயில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். ரேடியோவும் சுவரோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். மூச்சை இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தாள்.

அப்பா சுத்தியல் தலையில் சுற்றியிருந்த ரப்பரை உருவி எறிந்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் துப்பினார்.

"இனிமே மனசுக்குள்ளயே படிம்மா" என்றார்.

பிறகு ஒரு ஆணியை வைத்து அடித்தார். சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.